கவலைச் சாலும் பாலாற்று நிலமும்

வட ஆர்க்காட்டுச் சீமையில் 'கவலை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மனத்தை அரிப்பது. மற்றொன்று, மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் சால். தெற்கே கமலை என்றும் கபிலை என்றும் வழங்குவதும் இதுவே. இரண்டாவது பொருள் இன்று வழக்கொழிந்துவிட்டது. முதற்பொருள் மட்டும் தங்கிவிட்டது. இச்சொல்லின் வரலாறே ஏறக்குறைய இராணிப்பேட்டை வட்டாரத்து உழவின் வரலாறு என்று கூறினால் அது வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

'நீடித்த வேளாண்மை', 'தற்சார்புப் பண்ணை' என்ற தொடர்கள் நம் காலத்தில் பெரிதும் புழங்குகின்றன. மண்ணுக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல், எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்து, தலைமுறை தலைமுறையாக விளைச்சல் குன்றாமல் நடத்தும் பண்ணை என்பது அவற்றின் பொருள். அத்தகைய பண்ணையில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? அது எவற்றை நம்பி நின்றது? எதனால் குலைந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் பாலாற்றங்கரையைப் போன்ற களம் வேறில்லை என்பது நம் எண்ணம். காரணம், பழைய உழவு முறையின் உறுதியான சான்றுகளும் அதன் முடிவுக்கான சான்றுகளும் இங்கே ஒரே மண்ணில் கிடக்கின்றன.

* * *

நந்தி மலையில் தோன்றிக் கருநாடகம், ஆந்திரம் வழியாக வந்து, வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பகுதிகளைக் கடந்து கடலில் சேரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிப்பது. நீர் மணலுக்கு அடியில் ஓடும். ஆகவே இவ்வாற்றைக் கொண்டு உழவு செய்தவர்கள் மணலைத் தோண்டி ஊற்றுக்கால்களை வெட்டினர். மழை ஓய்ந்தபின் ஊரார் கூடி வெட்டுவதும், அடுத்த வெள்ளம் வந்து தூர்ப்பதும், மீண்டும் வெட்டுவதும் ஆண்டுதோறும் நடந்த வேலை.

மணலாற்றை நம்ப முடியாதவர்கள் ஏரியைக் கட்டுவார்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் தன் பெயரால் மகேந்திர தடாகம் என்னும் ஏரி கண்டதை, அதன் கரையருகே அவன் குடைவித்த மகேந்திரவாடிக் குகைக்கோயிலின் கல்வெட்டு சொல்கிறது. காவேரிப்பாக்கத்துக்குக் கல்வெட்டுப் பெயர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். அவனிநாராயணன் என்பது ஒன்பதாம் நூற்றாண்டின் மூன்றாம் நந்திவர்மனுடைய விருதுப்பெயர். அவ்வூர் ஏரி இன்றும் தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. சென்னையிலிருந்து வாலாஜாவுக்கு வருவோர் நெடுஞ்சாலையிலிருந்தே அதன் கரை கிலோமீட்டர்க் கணக்கில் நீண்டு கிடப்பதைப் பார்க்கலாம். 1850-களில் ஆங்கில அரசு வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே அணை கட்டியபோது புதிய பாசன முறை எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பழைய ஏரிகளுக்கே நீரைத் திருப்பிவிட்டது.

ஏரி என்பது கட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். பாலாற்றுப் படுகையின் கீழ்ப்பகுதியிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக நாம் போற்றுகிறோம். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அடக்கம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஒரு குடியானவனின் வயலுக்கு நீர் வருவது அவன் தனி முயற்சியால் அன்று. ஊர் ஒன்று கூடிச் செய்த ஏற்பாட்டினால்.

* * *

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்துத் தோட்டக்கால் நிலம் ஒன்றில் ஒரு நாளைக் கண்முன் நிறுத்துவோம்.

விடியலுக்கு முன்பே கவலை ஏறிவிடும். வெயில் ஏறுமுன் மாடுகள் உழைத்தாக வேண்டும். கிணற்று மேட்டில் இரண்டு தூண்கள், நடுவே உருளை, அதன்மேல் ஓடும் வடம். வடத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் நுகத்தடி. சாலின் அடியில் யானைத் துதிக்கை போல் நீண்ட தோற்குழாய். அதன் வாயைச் சிறு கயிறு ஒன்று மேல்நோக்கிப் பிடித்திருக்கும். மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். கிணற்று விளிம்பை எட்டியதும் துதிக்கை தானே தொட்டிக்குள் சாய்ந்து நீரைக் கொட்டும். ஓட்டுபவர் வடத்தின்மீது உட்கார்ந்து தம் எடையையும் மாட்டுக்குத் துணையாகக் கொடுப்பார். பின்னர் மாடுகள் பின்னோக்கியே மேடேறும். சால் மீண்டும் கிணற்றில் இறங்கும். நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும். எண்ணிக்கை தவறாமலிருக்கவும் களைப்புத் தெரியாமலிருக்கவும் பாட்டு உண்டு.

வாய்க்காலின் மறுமுனையில் வீட்டுப் பெண்களோ சிறுவரோ மண்வெட்டியுடன் நின்று பாத்தி பாத்தியாக மடை மாற்றுவார்கள். கேழ்வரகு நாற்று, மிளகாய், கத்தரி, வரப்போரத்தில் துவரையும் ஆமணக்கும். வெயில் ஏறியதும் மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கூழ் குடிப்பார்கள். தொழுவத்தைக் கூட்டிச் சாணத்தையும் மாடு தின்று கழித்த தாளையும் குப்பைக்குழியில் சேர்ப்பது பெண்களின் காலை வேலை. பகலில் களையெடுப்பு, தழை வெட்டல், வைக்கோல் போர் பார்த்தல். மாலையில் சிறிது நேரம் மறுபடியும் கவலை. இரவில் களியும் கீரையும்.

இந்த ஒழுங்கில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு சோடி மாடு நாள் முழுதும் இறைத்தாலும் ஓரிரண்டு ஏக்கருக்கு மேல் நனையாது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். இறைப்பு நின்றால் கிணறு ஊறும். கிணற்றின் அளவை மாட்டின் மூச்சு தீர்மானித்தது. நிலத்தடி நீரைக் காக்க அக்காலத்தில் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மாட்டின் களைப்பே சட்டமாக இருந்தது.

ஒரு நாளுக்கு இவ்வொழுங்கு என்றால், ஆண்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டி வண்டல் அள்ளி வயலில் கொட்டுவார்கள். ஏரி தூர் வாரப்பட்டது. வயல் உரம் பெற்றது. ஒரே வேலை, இரு பயன். அறுத்த தாளில் ஆட்டுக்கிடை மடக்குவார்கள். சேற்றுழவின்போது கொளுஞ்சி, புங்கு, எருக்கு, ஆவாரை ஆகியவற்றின் தழையை மிதித்து அமுக்குவார்கள். 1889-இல் இந்தியாவுக்கு வந்து நாடு முழுதும் சுற்றிய ஆங்கில வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், இந்திய உழவன் பிற்பட்டவன் என்ற பொதுக் கருத்தை மறுத்தார். அவன் சாணத்தை எரிப்பது அறியாமையினால் அன்று, விறகின்மையினால் என்றும், உரத்தைக் காக்க விரும்பினால் அவனுக்கு விறகுக்காடு வளர்த்துக் கொடுங்கள் என்றும் அரசுக்கு எடுத்துரைத்தார்.

* * *

இங்கே நின்று தோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே விவரித்த பண்ணையில் தோல் இல்லாமல் ஒரு சொட்டு நீர் வயலுக்கு ஏறாது. சாலும் துதிக்கையும் மாட்டுத் தோல். அத்தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. தழை வயலுக்கும் பட்டை தோலுக்குமாக ஒரே செடி இரு தொழிலுக்கும் பயன்பட்டது. உழுத மாடு செத்தபின்னும் கிணற்றில் இறங்கி நீர் இறைத்தது எனலாம். அவ்வகையில் தோல் தொழில் உழவுக்குப் பகையாக இங்கே தோன்றியதில்லை. உழவின் ஓர் உறுப்பாகவே தோன்றியது.

ஆனால் இச்சித்திரத்தைப் பொற்காலம் என்று வரைந்துவிடுவது பொய்யாகும். செத்த மாட்டை உரித்தவரும், தோலைப் பதப்படுத்திச் சால் தைத்தவரும், மடை திறந்து வயல்வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, சேரியில் வைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கூலி களத்துமேட்டில் அளக்கப்பட்ட தானியம். அந்த அளவை நிர்ணயித்தவர் அவர்கள் அல்லர். படியாள் உழைப்பின்மீதுதான் அந்த 'நீடித்த' வேளாண்மை நீடித்தது. மேலும், மழை பொய்த்தால் இவ்வேற்பாடு எல்லாரையும் காக்கவுமில்லை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மாடுகளும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அப்போது சென்னையிலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. உழவு மாடு சாலாகாமல் சரக்காகிக் கப்பலேறிய காலம் அது.

* * *

இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் இவ்வுலகின் மூன்று கண்ணிகளும் ஒருசேர அசையத் தொடங்கின. நீர், தோல், உரம் என்பன அம்மூன்று.

முதலிரண்டையும் அசைத்தவர் ஒருவரே. ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பின்னர் மாகாணத்தின் தொழில்துறை முயற்சிகளுக்குத் தலைமை தாங்கியவர். கிணற்றில் மாட்டுக்குப் பதிலாக எண்ணெய் இயந்திரத்தைப் பொருத்தி நீரிறைக்கும் சோதனைகளை அவர் நடத்தினார். அதே காலத்தில், 1903 வாக்கில், குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சென்னையில் அறிமுகப்படுத்தினார். இச்சோதனையின் நோக்கங்களுள் ஒன்று, நீரில் ஊறினாலும் கெடாமல் நெடுநாள் உழைக்கும் சால் தோலைச் செய்வது! பிற்காலத்தில் பாலாற்று நிலத்தைப் பாழாக்கியதன் பெயராக ஒலித்த குரோமியம், இந்நாட்டுத் தோலுக்குள் நுழைகையில் குடியானவனின் கவலையை எளிதாக்கவே வந்தது. தீங்கு செய்யும் எண்ணம் எவரிடமும் இருந்திருக்கவில்லை.

மூன்றாவது கண்ணி இராணிப்பேட்டையிலேயே அசைந்தது. 1906-இல் பாரி நிறுவனம் இங்கே சூப்பர் பாஸ்பேட் ஆலையை நிறுவியது. இந்தியாவின் உரத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் அதன் தொடக்கமாகக் குறிப்பிடுவது இந்த ஆலையைத்தான். ஆண்டுக்கு 6,000 டன் செய்யும் திறன் கொண்டது. பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்து பயிர் எளிதில் உறிஞ்சும் வடிவில் தருவது இதன் சாரம். தழையையும் வண்டலையும் வண்டி வண்டியாகச் சுமந்த கைகளுக்கு மூட்டையில் வந்த உரம் விடுதலையாகவே தோன்றியிருக்கும். அவ்வாறு தோன்றியதில் பிழை காண நமக்கு உரிமையில்லை.

ஊரின் பழம்பெயர்களும் ஒரு கதை சொல்கின்றன. செஞ்சித் தேசிங்கு 1714-இல் போரில் மாண்டபின் உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாக ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் அமைத்த பேட்டை இது என்பர். அருகே நவலாக்கு என்ற இடம். ஒன்பது இலட்சம் மரங்கள் நின்ற தோப்பு என்று பெயருக்குப் பொருள் கூறுவர். அங்கே அரசின் தென்னை நாற்றங்கால் அமைந்தது. தோப்பின் பெயர் தாங்கிய இடமும் நாட்டின் முதல் உர ஆலையும், பிற்காலத்துக் குரோமிய ஆலையும் ஒரே ஊரின் சுற்றுவட்டத்துக்குள் அடங்கின.

* * *

உண்மையான முறிவு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நேர்ந்தது. ஊர்களுக்கு மின்சாரம் வந்தது, கவலை இறங்கியது, மோட்டார் ஏறியது. பின்னர் உழவுக்கான மின்சாரம் கட்டணமின்றியே கிடைத்தது. களைக்காத மாடு கிணற்றடியில் நின்றது. எனவே கிணறு ஊறுவதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1973–74-இல் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் தங்கி ஆய்ந்த அறிஞர் குழுவின் கட்டுரைகள், பி. எச். பார்மர் தொகுத்து 1977-இல் வெளியான பசுமைப் புரட்சி பற்றிய நூலில் உள்ளன. கிணறுகள் ஊறுவதைவிட மிகுதியாக இறைக்கப்படுகின்றன என்ற எச்சரிக்கை அதிலேயே பதிவாகிவிட்டது. சொந்தக் கிணறு இருப்பவனுக்கு ஏரி எதற்கு? வண்டல் அள்ளும் வண்டிகள் நின்றன. வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன.

அதே 1970-களில் தோல் தொழிலிலும் திருப்பம் நேர்ந்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவிக்க மைய அரசு முடிவு செய்தது. நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் ஊருக்கு வேலையும் பெருகின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆலைகள் பெருகின. ஆவாரம்பட்டையின் இடத்தில் குரோமியம் வந்தது. நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் தோல் பதப்பட்டது.

இக்கழிவு நிலத்துக்குச் செய்த தீங்கில் இரண்டைப் பிரித்தறிவது நல்லது. ஒன்று உப்பு. தோல் அழுகாமலிருக்க அதில் தேய்க்கும் உப்பு முதற் கழுவலிலேயே நீரில் கரைந்துவிடும். அந்நீர் மண்ணில் இறங்கினால் மண் இறுகும், கிணறு கரிக்கும், விதை முளைக்காது. உழவனை முதலில் வீழ்த்தியது இதுவே. மற்றொன்று குரோமியம். பதனிடுதலில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் குரோமேட்டு இரசாயனங்கள் செய்யும் ஆலைக்கழிவில் எஞ்சும் ஆறிணைதிறக் குரோமியம் நீரோடு ஓடக்கூடியது, கொடிய நஞ்சு. இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் இயங்கி 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலுடன் இராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

* * *

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28-இல் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அது அறிவித்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த முதற்கட்டக் கணக்கெடுப்பை அத்தீர்ப்பு மேற்கோள் காட்டுகிறது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிருந்தது.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என அடையாளம் கண்டு, 547 ஆலைகள் சுமார் 26.82 கோடி ரூபாய் தரவேண்டும் என்றது. சற்றே வகுத்துப் பார்ப்போம். தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். பல நூற்றாண்டுகளாக வண்டலும் தழையும் இட்டுத் திரட்டிய மேல்மண்ணுக்கு விலை அவ்வளவு. அந்தத் தொகையும் முழுமையாக எல்லோருக்கும் போய்ச் சேராததால் வழக்கு மீண்டும் உச்சநீதிமன்றம் சென்றது. 2025 சனவரி 30-இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, நிலுவையிலுள்ள ஈட்டை அரசு வழங்கி மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்றும், பாலாற்றுப் படுகையைச் சீரமைக்க ஒரு குழுவை அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இந்த ஆணைக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். அன்று கவலை ஓட்டிய நினைவோடு மனுவுக்குப் பின்னால் நின்ற முதியவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்க இருந்திருப்பார்கள்?

தோல் தொழிலாளரையும் நாம் மறந்துவிடலாகாது. நிலமற்றவர்க்கும், சேரியிலிருந்து வெளியேற வழி தேடியவர்க்கும், ஆம்பூர்க் காலணி ஆலைகளில் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் இத்தொழில் சோறு போட்டிருக்கிறது. களத்துமேட்டில் கைநீட்டி நின்றவரின் பேரப்பிள்ளை மாதச் சம்பளம் வாங்குவதை இழிவாகப் பேசும் உழவுப் பெருமை நமக்கு வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சம்பளத்தின் உண்மையான செலவை ஏன் பக்கத்து வயல்காரனும் அவன் கிணறும் ஏற்க வேண்டும்?

* * *

இன்று படித்த இளைஞர் சிலர் நிலம் வாங்கி இயற்கை வேளாண்மைக்குத் திரும்புகின்றனர். மகிழத்தக்கது. சாணமும் தழையும் இட்டு, நாட்டு மாடு வளர்த்து, நஞ்சில்லாப் பயிர் செய்ய முனைகின்றனர். ஆனால் பாலாற்றின் வரலாறு அவர்களுக்குச் சொல்வது வேறொன்று. வேலிக்குள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், கிணற்றுக்குள் வரும் நீர் வேலியைக் கேட்டு வருவதில்லை. மேட்டிலிருக்கும் ஆலை உப்பைக் கொட்டினால் பள்ளத்திலிருக்கும் இயற்கைப் பண்ணையின் மண் இறுகத்தான் செய்யும். பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு இரவும் பகலும் இறைத்தால் சிக்கனக்காரனின் கிணறும் வற்றத்தான் செய்யும்.

நீடித்த பண்ணை என்று ஒன்று தனியே இருக்க முடியாது. நீடித்த ஏரியும், நீடித்த ஆறும், அவற்றைக் காக்கும் ஊரும் இருந்தால்தான் பண்ணை நீடிக்கும். உத்திரமேரூர்ச் சபை தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம் என இரண்டையும் சேர்த்தே வைத்தது. அச்சபையில் எல்லோருக்கும் இடமில்லாதிருந்தது அதன் குறை. இனி அமையும் எந்தக் குழுவிலும் நீர்க்கட்டியின் வழிவந்தவர்க்கும், சால் தைத்தவரின் வழிவந்தவர்க்கும், கிணறு கரித்துப்போன உழவர்க்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஓர் ஓலையாவது குடத்தில் இருக்க வேண்டும்.

கிணற்றடிகளில் இன்றும் சில இடங்களில் பழைய கவலைத் தூண்கள் நிற்கின்றன. மாடு இறங்கிய சரிவை மண் மூடிவிட்டது. தூண் மட்டும் எதையும் தாங்காமல் நிற்கிறது. அவ்வழியே செல்லும் வாசகர் ஒரு கணம் நின்று கிணற்றை எட்டிப் பார்க்கலாம். நீர் இருந்தால், அதைக் கையில் அள்ளி நாவில் வைத்துப் பார்க்க அக்கம்பக்கத்தார் விடுகிறார்களா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.